பழுப்புத் தாள் காப்பாற்றிய ஆணிகள்: ‘அலாரம்’ போர்க்கப்பல் – ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்கிந்தியத் தீவுகளில் பணிபுரிந்துவிட்டுத் திரும்பிய ‘அலாரம்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைக் கரையேற்றி, அதன் அடிப்பகுதியைப் பார்வையிட்டார்கள். 1763-ஆம் ஆண்டு அதற்கான அறிக்கை கடற்படைத் தலைமையிடம் போய்ச் சேர்ந்தது. 32 பீரங்கிகள் கொண்ட கப்பல் அது. நீருக்குள் இருக்கும் பகுதி முழுவதற்கும் மெல்லிய செம்புத் தகடு போர்த்தி, சோதனைக்காக அனுப்பியிருந்தார்கள். போய் இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

பார்த்தவர்களுக்கு முதலில் மகிழ்ச்சிதான். தகட்டுக்குள் இருந்த மரத்தைப் புழு தொடவில்லை. பாசியோ சிப்பியோ ஒட்டவில்லை. ஆனால் பல இடங்களில் தகடு பிடிப்பை விட்டு மரத்திலிருந்து விலகியிருந்தது. தகட்டை மரத்தோடு சேர்த்து அடித்தவை இரும்பு ஆணிகள். அவற்றில் பல அரித்துப் போயிருந்தன. கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டைக்கு அடியில் பொருத்தியிருந்த துணை ஏராவைத் தாங்கிய போல்ட்டுகளோ துருக்கூழாகக் கரைந்திருந்தன.

இதோடு நின்றிருந்தால் ‘கடலில் இரும்பு துருப்பிடிக்கும்’ என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் அதே தகட்டில், அதே கடலில், அதே இரண்டு ஆண்டுகள் கிடந்த சில ஆணிகள் மட்டும் ஏறக்குறைய நல்ல நிலையில் இருந்தன. ஏன் என்று கூர்ந்து பார்த்தபோது, அந்த ஆணிகளின் தலைக்கடியில் பழுப்புத் தாள் சிக்கியிருந்தது தெரிந்தது. செம்புத் தகடுகள் துறைமுகத்துக்கு வந்தபோது தாளில் சுற்றப்பட்டு வந்தன. அதை முழுக்கப் பிரித்து எறியாமல் அப்படியே வைத்து அடித்திருக்கிறார்கள். யாரோ ஒரு தொழிலாளி அவசரத்தில் விட்டுவிட்ட தாள்தான், எந்தத் திட்டமும் இல்லாமல், ஒரு ஒப்பீட்டுச் சோதனையை நடத்தி முடித்திருந்தது.

அந்தத் தொழிலாளியின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. உப்புநீரில் உலோகங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை யாருக்காவது விளக்க வேண்டியிருந்தால், வேதியியல் நூல்களுக்கு முன்னால் நான் எடுப்பது அவர் விட்டுவைத்த தாளைத்தான்.

செம்பு எதற்காக?

மரக்கப்பல்களின் பெரும் பகை புயலும் பீரங்கியும் மட்டும் அல்ல, கப்பற்புழுவும்தான். பெயரில் புழு என்றாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. தன் சிறிய சிப்பியோட்டையே துளைக்கும் கருவியாக்கி மரத்துக்குள் நீளமாகக் குடைந்துகொண்டு போகும். வெளியே ஊசித்துளை தெரியும், உள்ளே தேன்கூடு போல ஆகியிருக்கும். வெப்பமண்டலக் கடல்களில் இதன் வேகம் அதிகம். ‘அலாரம்’ செம்பு போர்த்தப்படுவதற்கு முன்பே மேற்கிந்தியக் கடலில் இதனிடம் கடுமையாக அடிபட்டிருந்தது. கூடவே பாசியும், கொட்டலசு என்ற ஓட்டுயிரியும் அடிப்பகுதியில் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைக்கும். துரத்துகிற கப்பலாக இருந்தாலும் தப்பி ஓடுகிற கப்பலாக இருந்தாலும் அந்த வேகக் குறைவின் விலை உயிர்.

செம்பு இரண்டையும் தடுத்தது. அது எப்படி என்பதில்தான் இந்த நிகழ்வின் பின்பாதி அடங்கியிருக்கிறது. கடல்நீரில் செம்பு மெதுவாகக் கரைகிறது. மேற்பரப்பில் களிம்பு படர்கிறது. நம் வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் படரும் அதே களிம்புக்கு உறவுமுறைதான். கடலில் குளோரைடு சேர்ந்த உப்பாக உருவாகிறது. அது சிறிதளவு நீரில் கரையும், ஒட்ட வரும் உயிர்களுக்கு நஞ்சாகவும் இருக்கும். செம்புக்குக் களிம்பு உடன்பிறந்த குற்றம் என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்கிறது. கப்பலைப் பொறுத்தவரை அந்தக் குற்றம்தான் செம்பின் குணம்.

மூன்று டம்ளர்கள்

‘அலாரம்’ கண்ட சேதத்தை வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். நான் செய்து பார்த்தேன். கடல்நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். அந்தக் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினேன். மூன்றிலும் ஒவ்வொரு இரும்பு ஆணி, உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தது. முதல் ஆணி தனியாக. இரண்டாவதைச் சுற்றி மோட்டார் காயிலிலிருந்து எடுத்த செம்புக் கம்பி. மூன்றாவதோடு, தீர்ந்துபோன டார்ச் பேட்டரியின் உறையிலிருந்து வெட்டிய துத்தநாகத் துண்டு, இறுக்கிக் கட்டியது.

இரண்டு நாள் ஆகியும் முதல் டம்ளருக்கும் இரண்டாவதற்கும் வேறுபாடே தெரியவில்லை. தவறு எங்கே என்று யோசித்துப் பிறகுதான் கண்டுபிடித்தேன். மோட்டார் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும். செம்பு ஆணியைத் தொட்டதாக நான் நினைத்தேன். உண்மையில் அந்தப் பூச்சு நடுவே நின்றுகொண்டிருந்தது, 1763-இன் பழுப்புத் தாளைப் போலவே. கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்கி மறுபடி சுற்றினேன். அதற்குப் பின் அந்த டம்ளர் மற்றதைவிட விரைவாகச் செம்மண் குழம்பாக மாறியது. ஆணியிலிருந்து செதில் செதிலாகத் துரு உதிர்ந்து அடியில் படிந்தது. செம்புக் கம்பியோ சுரண்டிய பளபளப்பைப் பெரும்பாலும் இழக்காமல் இருந்தது. மூன்றாவது டம்ளரில் துருவே இல்லை. துத்தநாகத்தைச் சுற்றி மட்டும் வெள்ளையாக, கரைத்த சுண்ணாம்பின் தெளிவு போல ஏதோ மிதந்தது.

நடப்பது இதுதான். உலோகம் நீரில் அரிக்கப்படும்போது அதன் அணுக்கள் எலக்ட்ரான்களை உள்ளே விட்டுவிட்டு அயனிகளாக நீருக்குள் இறங்குகின்றன. விடப்பட்ட எலக்ட்ரான்களை யாராவது வாங்கிக்கொண்டால்தான் இது தொடரும். சாதாரணக் கடல்நீரில் வாங்குவது, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன். உலோகங்கள் எல்லாம் ஒரே அளவு விருப்பத்தோடு எலக்ட்ரானை விடுவதில்லை. அந்த விருப்பத்தை வோல்ட் கணக்கில் அளக்கலாம். வேதியியல் அட்டவணைப்படி துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76, இரும்புக்கு மைனஸ் 0.44, செம்புக்கு பிளஸ் 0.34. எண் எவ்வளவு கீழே போகிறதோ, விடுவதற்கு அவ்வளவு ஆர்வம். இந்த வரிசையில் சோடியம் மைனஸ் 2.71-இல் நிற்கிறது. அதனால்தான் கடலில் சோடியம் உலோகமாக எங்கும் இல்லை. எப்போதோ எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு உப்பாகிவிட்டது. மற்ற உலோகங்களுக்குக் கடலை ஆபத்தாக்குவதும் அந்த உப்புதான்.

இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால், ஆர்வம் அதிகமான உலோகம் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறது. மற்றது சும்மா இருந்து, தன் மேற்பரப்பை ஆக்சிஜனுக்குத் திண்ணையாகத் திறந்து வைக்கிறது. எலக்ட்ரான் உலோகத்தின் வழியே ஓடும். அயனிகள் உப்புநீரின் வழியே ஓடிச் சுற்றை முடிக்கும். நல்ல தண்ணீரில் அயனிகள் குறைவு, அதனால் சுற்று மந்தம். உப்புநீர் அந்தச் சுற்றுக்கு நெடுஞ்சாலை.

‘அலாரம்’ கப்பலின் சேதம் அவ்வளவு கடுமையாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. பொதுவாக இதை விளக்குபவர்கள் விட்டுவிடும் காரணமும் இதுவே. பரப்பளவின் விகிதம்! கப்பலின் அடிப்பகுதி முழுவதும் செம்பு. அதன் நடுவே புள்ளி புள்ளியாக இரும்பு ஆணித்தலைகள். ஆக்சிஜனுக்குக் கிடைத்த திண்ணை மிகப் பெரியது. அங்கே கேட்கப்பட்ட எலக்ட்ரான் முழுவதையும் தர வேண்டியிருந்தது சின்னஞ்சிறு ஆணி. ஒரு ஊரே உட்கார்ந்து சாப்பிட, ஒரே வீட்டு அடுப்பில் உலை வைத்தது போல. இதே கப்பலில் தகடு இரும்பாகவும் ஆணி செம்பாகவும் இருந்திருந்தால் கதை வேறு. இரும்பு அப்போதும் தோற்றிருக்கும், ஆனால் இழப்பு பரவலாகப் பங்கிடப்பட்டு மெதுவாக நடந்திருக்கும்.

இவை எதுவும் 1763-இல் யாருக்கும் தெரியாது. இத்தாலிய அறிஞர் வோல்ட்டா தன் மின்கலத்தை அறிவித்ததே 1800-இல்தான். ஆனாலும் அறிக்கை சரியான முடிவைச் சொன்னது: கடல்நீரில் இரும்பும் செம்பும் நேரடியாகத் தொடக் கூடாது. காரணம் தெரியாமலே கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்லப்பட்ட அந்த ஒரு வரியை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறந்தும் மறுபடியும்

செம்புத் திட்டம் கிடப்பில் போனது. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளையும் எதிர்கொள்ள வேண்டி வந்தபோது, வேகத்துக்காக அதை மறுபடி கையில் எடுத்தார்கள். கடற்படை நிர்வாகத்தில் இருந்த சார்லஸ் மிடில்டன் இதில் முன்னின்றார். செம்புக்கும் அடியிலிருக்கும் இரும்பு போல்ட்டுகளுக்கும் நடுவே தடித்த தாள் வைப்பது என்று முடிவாயிற்று. தற்செயலாகச் சிக்கிய தாள் இப்போது விதிமுறையாகிவிட்டது. 1782-க்குள் பெரும்பாலான போர்க்கப்பல்கள் செம்பு போர்த்தப்பட்டுவிட்டன.

தாள் போதவில்லை. தண்ணீர் கசிந்த இடத்திலெல்லாம் பழைய கதை தொடங்கியது. இம்முறை அரிபட்டவை தகட்டைப் பிடித்த சிறு ஆணிகளைவிட முக்கியமானவை. கப்பலின் உடலையே இணைத்துப் பிடித்த போல்ட்டுகள். 1782 செப்டம்பரில் அட்லாண்டிக் புயலில் பல கப்பல்கள் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, போல்ட்டுகள் மீது சந்தேகம் பலமாக விழுந்தது. செம்பையே கைவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். கடைசியில் கெட்டிப்படுத்திய செம்பில் போல்ட் செய்யும் முறை கைவந்தது. 1786 முதல் கப்பல் கப்பலாக இரும்பு போல்ட்டுகளை உருவிவிட்டு அவற்றை இறக்கினார்கள். ‘அலாரம்’ அறிக்கைக்கும் இதற்கும் நடுவே 23 ஆண்டுகள்.

பட்டாணி அளவு துத்தநாகம்

அடுத்த சிக்கல் செலவு. செம்பு கரைவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தகடு மாற்ற வேண்டும். 1823-இல் பிரிட்டிஷ் கப்பற்படை நிர்வாகம் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியிடம் உதவி கேட்டது. அதன் தலைவர் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் 1807-இல் மின்சாரத்தால் பிரித்தெடுத்த அதே டேவி. எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும் வீரியமான உலோகங்களை அவரைவிட நெருக்கமாக அறிந்தவர் அன்று யாரும் இல்லை.

அவர் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பினார். செம்பைத் தொட்டதால் இரும்பு அழிந்தது என்றால், இரும்பைத் தொட்டதால் செம்பு பிழைத்தது என்றும் பொருள். அப்படியானால் வேண்டுமென்றே ஒரு வீரிய உலோகத்தைச் செம்போடு இணைத்துப் பலி கொடுத்தால்? 1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் அவர் படித்த கட்டுரையில் வரும் ஓர் அவதானிப்பு எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பூட்டுவது: பட்டாணி அளவு துத்தநாகம், அல்லது ஒரு சிறிய இரும்பு ஆணியின் முனை, 40 முதல் 50 சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றப் போதுமானது. காப்பு உலோகத்தின் பரப்பு செம்பின் பரப்பில் 40-இல் ஒரு பங்கு முதல் 150-இல் ஒரு பங்கு வரை இருந்தபோது செம்பு சற்றும் தேயவில்லை என்று பின்னர் பெரிய அளவில் செய்த சோதனைகளில் கண்டார். 200-இல் ஒரு பங்கு, அதற்கும் கீழே என்று போனபோதுதான் எடை குறையத் தொடங்கியது. ‘அலாரம்’ கப்பலைச் சீரழித்த அதே விசையைக் கடிவாளம் போட்டு வண்டியில் பூட்டிவிட்டார்!

சோதனைக்கு எடுக்கப்பட்ட கப்பல்களில் ஒன்று ‘சமராங்’. கொச்சியில் கட்டப்பட்டு 1822-இல் நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. அதன் செம்புப் பரப்பில் 80-இல் ஒரு பங்கு அளவுக்கு வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்தி, இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். அது 1825 தொடக்கத்தில் திரும்பியபோது செம்பு பெரும்பாலும் தேயாமல் இருந்தது.

ஆனால் காப்புக் கட்டிகள் பொருத்திய கப்பல்களின் அடிப்பகுதியில், குறிப்பாகத் துறைமுகத்தில் நின்றவற்றில், பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டு வளர்ந்தன. காரணத்தை இதற்குள் வாசகர் ஊகித்திருப்பார். கரையாத செம்பு நஞ்சைக் கொடுக்காது. போதாக்குறைக்கு, காக்கப்பட்ட செம்பின் மேல் ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும்போது அங்கே நீர் காரத்தன்மை அடைகிறது. கடல்நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் வெண்படிவமாக அங்கே இறங்குகின்றன. கொட்டலசுக்கு அது சொரசொரப்பான, நஞ்சில்லாத, வசதியான தரை. 1825-லேயே கடலில் இயங்கும் கப்பல்களிலிருந்து கட்டிகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. டேவி 1829-இல் ஜெனிவாவில் இறந்தார்.

இதை டேவியின் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, செம்பு தேய்வதை எப்படி நிறுத்துவது என்பது. அதற்குச் சரியான, முழுமையான விடை கொடுத்தார். செம்பு தேயாவிட்டால் கப்பலுக்கு என்ன ஆகும் என்று, கேட்டவர்களும் சரியாகக் கணிக்கவில்லை, அவரும் சரியாகக் கணிக்கவில்லை. தகட்டின் தேய்மானம் கணக்குப் புத்தகத்தில் இழப்பாக எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது கப்பல் செலுத்திவந்த வாடகை. ‘அலாரம்’ சோதனையிலும் இதே பிழை இருந்தது: தகடு மரத்தைக் காக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள்; தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிக்கு என்ன ஆகும் என்ற கேள்வி திரும்பி வந்த பிறகுதான் எழுந்தது. உப்புநீரில் ஓர் உலோகத்தைத் தனியாக எடுத்து வைத்துப் பேசினால் பதில் எப்போதும் பாதியாகத்தான் வரும்.

பிறகு பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜார்ஜ் மன்ட்ஸ் 1832-இல் காப்புரிமை பெற்ற பித்தளைக் கலவை, ஏறத்தாழ 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கொண்டது, வணிகக் கப்பல்களில் பரவியது. விலை குறைவு, நஞ்சு கொடுக்கும் அளவுக்குக் கரையவும் செய்தது. 1869-இல் நீரில் இறங்கிய ‘கட்டி சார்க்’ அதைத்தான் போர்த்தியிருந்தது. அந்தக் கப்பலின் எலும்புக்கூடு இரும்பு, மேலே மரப்பலகை, அதற்கும் மேலே இந்தத் தகடு. மரம் நடுவே நின்று இரண்டையும் பிரித்தது.

அலுமினியத்தின் முறை

2010 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற போர்க்கப்பலின் உடல் அலுமினியம். அதை உந்தும் நீர்த்தாரை இயந்திரங்களில் எஃகு. அடுத்த ஆண்டே, உந்துபகுதியைச் சுற்றியிருந்த அலுமினியம் கடுமையாக அரிக்கப்பட்டிருப்பது வெளியே வந்தது. பலி உலோகமோ செலுத்தப்பட்ட மின்சாரமோ கொண்டு உடலைக் காக்கும் ஏற்பாடு அந்தக் கப்பலில் பொருத்தப்படவே இல்லை. பின்னர் சேர்த்தார்கள்.

அலுமினியம் இந்த வரிசையில் மைனஸ் 1.66, துத்தநாகத்தையும் தாண்டிய வீரியம். பிறகு எப்படி அலுமினியப் படகுகள் ஆண்டுக்கணக்கில் மிதக்கின்றன? காற்றுப் பட்டதுமே அதன் மேல் மெல்லிய ஆக்சைடுத் தோல் மூடிக்கொள்கிறது. அலுமினியத்தின் சாதுவான தோற்றம் முழுவதும் அந்தத் தோலின் தயவு. கடலின் குளோரைடு அந்தத் தோலை அங்கங்கே குத்தித் திறக்கும். எஃகு போன்ற துணை பக்கத்தில் ஒட்டி நின்று எலக்ட்ரானைக் கேட்டுக்கொண்டே இருந்தால், திறந்த இடம் மூட நேரம் இருக்காது; குழி ஆழமாகும். அட்டவணையில் இருக்கும் எண் ஓர் உலோகத்தின் சுபாவத்தைச் சொல்லும். அது எதன் பக்கத்தில், எவ்வளவு பரப்போடு நிற்கப்போகிறது என்பதை வரைபடம் போடுபவர்தான் சொல்ல வேண்டும்.

இன்றைய எஃகுக் கப்பலின் அடிப்பகுதியில் டேவியும் ‘அலாரம்’ தாளும் சேர்ந்தே இருக்கிறார்கள். எஃகைக் காக்கத் துத்தநாகக் கட்டிகளோ அலுமினியக் கலவைக் கட்டிகளோ பற்றவைக்கப்படுகின்றன. கொட்டலசைத் தடுக்க, செம்பு ஆக்சைடு கலந்த நச்சுப் பூச்சு வெளியே அடிக்கப்படுகிறது. அந்தச் செம்பு எஃகைத் தொடாமலிருக்க, இரண்டுக்கும் நடுவே எப்பாக்சி என்ற பிசினால் ஆன அடிப்பூச்சு. கரைய வேண்டியது கரைகிறது, காக்க வேண்டியது காக்கப்படுகிறது, தொடக் கூடாதவை தொடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில், கரையேற்றிய எஃகுப் படகு ஒன்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சுக்கானுக்குப் பக்கத்தில் புதிதாகப் பொருத்திய துத்தநாகக் கட்டி, சோப்புக் கட்டி அளவு, சாம்பல் வெள்ளையாக இருந்தது. பெயின்டர் இளைஞர், மிகுந்த சிரத்தையோடு, அதன் மேலும் ஒரு கோட் இழுத்தார். பூசினால் அது நீரைத் தொடாது, நீரைத் தொடாவிட்டால் கரையாது, கரையாவிட்டால் சுக்கான் கரையும். சொல்லலாமா என்று தயங்கி, பிறகு சொன்னேன். “தம்பி, அதை மட்டும் விட்டுவிடுங்கள். அது அரித்துப் போவதற்காகத்தான் அங்கே இருக்கிறது.”

அவர் நம்பாமல் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி பக்கத்தில் கிடந்த பழைய கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். போன முறை கழற்றியது. கரும்புச் சக்கை போலக் குழி விழுந்து, பாதிகூட மீதமில்லை. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இளைஞர் தின்னரில் துணியை நனைத்துப் புதிய கட்டியைத் துடைக்கத் தொடங்கினார்.